கூட்டம் இல்லாத ஏலம்

(காரைக்காலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வணிகமும் நம்பிக்கையும் பற்றி இவ்வாண்டுப் பேச்சு அமையட்டும் என்று அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். பழைய காசும் தபால்தலையும் சேர்ப்பவன் நான். ஆகவே எனக்குப் பழக்கமான சந்தையான இணைய ஏலத்தையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே பொய் விற்பனையாளரை எப்படி இனம் காண்பது, கண்டபின் எப்படி விலகுவது என்பதுதான் பேச்சு.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலத்துக்குக் காவல் கூட்டம்தான். எல்லார் கண்ணிலும் பட, எல்லார் காதிலும் விழ நடப்பதால்தான் ஏலத்தில் படிந்த விலையை நம்புகிறோம். எனவே ஏமாற்ற வருகிறவர் பொய்யாக ஒரு கூட்டத்தைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் நம்மை மட்டும் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போக வேண்டும். உண்மையான கூட்டத்தின் நடுவே போலிப் பொருளை வைத்துவிட்டு, நம் ஆசையை நம்பிக் காத்திருப்பவரும் உண்டு. இந்த மூன்று வழிகளையும் புரிந்துகொண்டால், நாளைக்குப் புதிதாக வரும் மோசடியையும் நாமே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

1. தரையில் நடக்கும் ஏலம்

விடியற்காலையில் நம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருப்பவர்களுக்கு ஏலத்தை நான் விளக்க வேண்டியதில்லை. படகிலிருந்து இறங்கிய மீன் கூறு கூறாகக் கிடக்கும். வாங்க வந்தவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த கூறுக்கு நகர்ந்துவிடுவார். விரலால் அழுத்துவார், விழுந்த குழி எழும்பாவிட்டால் அது ஐஸில் நாள்பட்ட மீன். மேலே வஞ்சிரமும் அடியில் வேறேதோவும் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பார். ஏலம் விடுகிறவர் யார், படகு யாருடையது, போட்டிக்குக் கேட்கிறவர் எந்த ஊர் வியாபாரி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்றைக்கு ஏமாற்றியவர் நாளைக்கும் அதே தரையில்தான் வந்து நிற்க வேண்டும்.

பருத்திக்கு விற்பனைக்கூடங்களில் நடக்கும் மறைமுக ஏலம் வேறு வகை. வியாபாரிகள் பஞ்சைப் பார்த்துவிட்டு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பெட்டியை எல்லார் முன்னிலையிலும்தான் திறக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் பொருள், விற்பவர், கேட்பவர், பணம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இணைய ஏலத்தில் நான்கும் நான்கு ஊரில் இருக்கின்றன. நாம் பார்ப்பது ஒரு படமும் நாலு வரியும்தான்.

2. அந்நியரை நம்ப வைத்த ஏற்பாடு

1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் அமெரிக்காவில் 'ஆக்‌ஷன்வெப்' என்ற தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே ஈபே ஆயிற்று. அதில் முதலில் விற்றது பழுதான ஒரு லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புவது என்ற கேள்வி உடனே எழுந்தது. 1996-இல் ஒமிட்யார் ஒரு வழி கண்டார்: வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பொதுவில் எழுதி வைக்கலாம். இன்று எல்லாத் தளத்திலும் நாம் பார்க்கும் ரேட்டிங் முறைக்கு அது முன்னோடி. கூட்டம் இல்லாத இடத்தில், முன்பு வந்துபோன கூட்டத்தின் பேச்சையாவது சேமித்து வைக்கும் ஏற்பாடு அது.

அந்தப் பேச்சுக்கு விலையும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பால் ரெஸ்னிக்கும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். நற்பெயர் பெற்ற ஒரு வியாபாரி, ஒரே தரத்துப் பழைய அஞ்சலட்டைகளைத் தன் பழைய பெயரிலும் புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் ஈபேயில் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு அதிகம் தரத் தயாராக இருந்தார்கள் என்று 2006-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நற்பெயர் காசாகும் என்றால் அதையும் போலியாகச் செய்ய ஆள் வராமலா போவார்?

இந்தியாவில் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளம் 2000-இல் தொடங்கியது. 2004-இல் அதை ஈபே வாங்கியது. 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா தளம் மூடப்பட்டது. ஏலம் மட்டும் மூடவில்லை. வெளிநாட்டுத் தளங்களிலும், அவற்றைவிடப் பரபரப்பாக ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கிறது. குழுவில் நடக்கும் ஏலத்துக்கு ரேட்டிங் கிடையாது, பணத்தைப் பிடித்து வைக்கும் நடுவர் கிடையாது. அட்மின் சொல்வதுதான் சட்டம்.

3. பொய்க் கூட்டம்

2000 மே மாதம் ஈபேயில் ஒரு பெரிய நவீன ஓவியம் ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 25 சென்ட். பெர்க்லியில் யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களோடு வாங்கியதாம். மனைவிக்குப் பிடிக்காததால் கராஜில் கிடந்ததாம். பிள்ளை மூன்றுசக்கர வண்டியை இடித்ததில் ஓட்டை விழுந்துவிட்டதாம். ஓவியர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. படத்தின் மூலையில் மட்டும் 'ஆர்.டி. 52' என்ற கையெழுத்து தெரிந்தது. புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததை இந்த வெகுளிக்கு அடையாளம் தெரியவில்லை என்று பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். விலை 1,35,805 டாலருக்குப் போயிற்று.

விற்றவர் கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர். கையெழுத்து போலி, மனைவி, பிள்ளை, ஓட்டைக் கதை எல்லாம் கட்டியது. அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஒருவர் பொருளை இன்னொருவர் ஏலம் கேட்டு விலையை ஏற்றி வந்தது தெரியவந்தது. ஈபே விற்பனையை ரத்து செய்தது. 2001-இல் வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கில் எனக்குப் பெரிய பாடம் அந்த அறிவிப்பின் மௌனம். பொருள் அசல் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கண்டுபிடித்தோம் என்ற பெருமையை வாங்குவோருக்கு விட்டுக்கொடுத்தார். 'தாத்தா பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றித் தெரியாது' என்று அறிவிப்பு வந்தால், அந்தத் தாத்தாவுக்கு இதுவரை எத்தனை பெட்டி இருந்தது என்று அதே ஆள் விற்ற பழைய பட்டியலைப் பாருங்கள்.

விலையை ஏற்றிவிடும் ஆள் எப்படி வேலை செய்கிறார்? பெரும்பாலான தளங்களில் நம் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். 5,000 ரூபாய் வரை தருவேன் என்று நீங்கள் பதிந்திருக்க, அடுத்தவர் 2,000-இல் நின்றுவிட்டால், அதற்குச் சற்று மேலே உங்களுக்குப் படிந்துவிடும். ஏற்றிவிடும் ஆள் நூறு நூறாகக் கேட்டு, உங்கள் 5,000 எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். 4,900-இல் நிறுத்திக்கொள்வார். தவறித் தாண்டிவிட்டால் கேட்ட விலையை வாபஸ் வாங்கிவிடுவார்.

முடிவு நேரம் மாறாத ஏலங்களில் அனுபவசாலிகள் கடைசி நேரத்தில்தான் கேட்கிறார்கள் என்று ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002-இல் எழுதினார்கள். ஆகவே ஏலம் முடிய நாலு நாள் இருக்கும்போதே சின்ன சின்னத் தொகையில் முண்டுகிறவரைக் கவனியுங்கள். அவர் கணக்கு புதிதா? ஒரே விற்பனையாளரின் பொருளை மட்டும் கேட்கிறாரா? எத்தனை முறை கேட்டும் எதையும் வாங்காமலே போகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த ஏலத்தை விட்டுவிடுவது நல்லது.

ரேட்டிங்கையும் எண்ணிப் பார்த்தால் போதாது, வாசிக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொருளை நூறு பேருக்கு விற்று நூறு நற்சான்று வாங்கிவிடலாம். கைபேசி உறை விற்று வந்த கணக்கு, ஒரு வருடம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று வெள்ளிக் காசு விற்றால், அந்தக் கணக்கு கைமாறியிருக்கலாம்; திருடப்பட்டும் இருக்கலாம். குறை சொன்ன நாலு பேர் எழுதியதை முதலில் படியுங்கள். 'பொருள் வரவில்லை' என்று நாலு பேரும் ஒரே மாதத்தில் எழுதியிருந்தால் அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

4. தனியே அழைத்துப் போவது

நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். ஏலத்தில் நீங்கள் தோற்றுவிடுகிறீர்கள். மறுநாள் ஒரு செய்தி: 'எடுத்தவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறோம், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.' இரண்டாவது வாய்ப்புத் தருவது பல தளங்களில் உண்மையாகவே உள்ள வசதிதான். ஆனால் அது தளத்துக்குள் இருக்கும் உங்கள் கணக்கிலேயே தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பிலோ தனி மின்னஞ்சலிலோ வந்தால், ஏலத்தை வேடிக்கை பார்த்த வேறு யாரோ அனுப்பியது.

அழைக்கும் காரணம் மாறிக்கொண்டே இருக்கும். 'தளத்துக்குக் கமிஷன் போகிறது, நேரில் முடித்துக்கொள்ளலாம்' என்பார் ஒருவர். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாறுதல், வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன்' என்பார் இன்னொருவர். சீருடைப் படமும் அடையாள அட்டையும் கூடவே வரும். 'சுங்கத்தில் பிடிபட்ட ஐபோன்' என்பார் மற்றொருவர். காரணம் எதுவானாலும் பணம் போய்ச் சேரும் இடம் ஒரு தனி நபரின் யுபிஐ கணக்கு. உண்மையிலேயே வங்கி ஜப்தி செய்த வீட்டையோ அரசுத் துறைகளின் கழிவுப் பொருளையோ ஏலம் கேட்க விரும்பினால், அந்த வங்கியின் அல்லது துறையின் சொந்தத் தளத்தில் தொடங்கி, அது காட்டும் ஏலத் தளத்துக்குப் போங்கள். முன்பணத்தை ஒரு தனி நபருடைய ஜிபே எண்ணுக்குக் கட்டச் சொன்னால் அது உண்மையான ஏலம் ஆகாது.

ஆளுக்குப் பதில் தளமே பொய்யாக இருப்பதும் உண்டு. நமக்குப் பக்கத்தில் திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில் பெயரில் போலி இணையதளம் நடத்தி, வெளியூர்ப் பக்தர்களிடம் பூஜைக்கும் பிரசாதத்துக்கும் பணம் வசூலித்ததாக 2025-இல் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. கோயிலின் பெயரையே பயன்படுத்த முடியும் என்றால் ஏலத் தளத்தின் பெயரைப் பயன்படுத்த எவ்வளவு நேரமாகும்? யாரோ அனுப்பிய லிங்க்கை அழுத்திப் போகாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

பணம் தொடர்பாக ஒரே விதி போதும். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டுமே பணம் கொடுப்பதற்கு உள்ளவை. நபருக்கு நபர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கை பலரை ஏமாற்றப் பயன்பட்டதால், தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்தியது. க்யூஆர் ஏமாற்று இன்னும் நிற்கவில்லை.

5. உண்மைக் கூட்டம், போலிப் பொருள்

இனி என் சொந்த வயலுக்கு வருகிறேன். 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே கை மாறினாலும், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அந்தக் காலத்துச் சிறு செப்புக் காசுகளில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய காசும் உண்டு. பாரிஸில் குடியிருக்கும் நம் உறவினர்களுக்கு அந்தக் காசின்மேல் இருக்கும் பாசம் சொல்லி முடியாது. பாசம் இருக்கும் இடத்தில் போலியும் வரும்.

கையால் அடித்த செப்புக் காசு ஒன்றைப்போல் இன்னொன்று இராது. எழுத்து ஒன்றில் இடப்பக்கம் ஒதுங்கும், ஒன்றில் பாதி வெளியே போகும். ஆகவே இரண்டு தனித்தனி அறிவிப்புகளில் ஒரே எழுத்து, ஒரே கோணலில், ஒரே கீறலோடு தெரிந்தால், ஒன்று ஒரே அச்சில் வார்த்த போலிகள், அல்லது ஒருவர் படத்தை இன்னொருவர் திருடியிருக்கிறார். வார்த்த காசில் ஊசி முனையளவு குழிகள் பரவியிருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். எனவே விற்பவரிடம் இரண்டு பக்கத்தோடு விளிம்பின் படத்தையும் கேளுங்கள். மில்லிகிராம் வரை எடை கேளுங்கள். இன்றைய தேதியைத் தாளில் எழுதி, அதன் பக்கத்தில் காசை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. 'நம்பிக்கை இல்லையா?' என்று பதில் வந்தால், பொருள் அவரிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தபால்தலைப் போலிக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஜெனீவாவின் பிரான்சுவா ஃபூர்னியே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலைப்பட்டியல் அச்சிட்டே போலித் தலைகளை விற்றார். பிரெஞ்சு இந்தியத் தலைகளில் ஆபத்து அதிகம் மேலச்சில்தான். 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் ஜெனரல் டி கோலின் பக்கம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் இருப்பிலிருந்த தலைகள்மீது 'பிரான்ஸ் லிப்ர்' (சுதந்திர பிரான்ஸ்) என்று அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். மேலச்சு இல்லாத தலை மலிவு, உள்ளது விலை அதிகம் என்றால், மிச்சத்தைச் செய்ய ஒரு ரப்பர் முத்திரை போதும். பயன்படுத்திய தலையாக இருந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். அசலில் முதலில் மேலச்சு, பிறகுதான் தபால் முத்திரை. முத்திரை மை மேலே கிடக்க வேண்டும். மேலச்சு முத்திரைக்கு மேலே ஏறியிருந்தால், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு யாரோ அடித்த எழுத்து அது. முத்திரையில் 1941-க்கு முந்திய தேதி இருந்தாலும் அப்படியே.

காசுக்கும் தலைக்கும் பொதுவான இன்னொரு சோதனை, பொருள் எங்கிருந்து வந்தது என்பது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. வணிகரான பரமதத்தர் இரண்டாவது மாங்கனியைச் சுவைத்ததும், பின்னாளில் காரைக்கால் அம்மையாரான மனைவி புனிதவதியாரிடம் கேட்டது, இது எங்கே கிடைத்தது என்றுதானே! கடையிலே வளர்ந்தவருக்கு, சரக்கு நன்றாக இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி முதலில் எழும்.

அந்தக் கேள்வியைக் கேட்காததால் பெரிய இடங்களும் அடிபட்டன. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை, பொய்யான கைமாற்றுப் பத்திரங்களோடு கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் விற்க, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்த ஒரு நடராஜர், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு கோயிலுக்கு உரியவர் என்று தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு காட்டியதால் ஏலம் நின்றது. இத்தகைய வழக்குகள் பலவற்றில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள பழைய கோயில் நிழற்படங்கள்தான் சாட்சி. பத்திரத்தைத் திருத்தலாம். எல்லாரும் பார்க்கும்படி இருந்த இடத்தில் எடுத்த படத்தைத் திருத்த முடியவில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். லூயி மன்னர் காலத்துக் காசை இங்கிருந்து பாரிஸுக்குக் கூரியரில் அனுப்பித் தருகிறேன் என்பவர், காசு அசலாக இருந்தால் சட்டத்தை மீறுகிறார். போலியாக இருந்தால் உங்களை ஏமாற்றுகிறார். இரண்டிலும் நமக்கு வேலையில்லை.

6. வாங்க வரும் மோசடியாளர்

இதையே திருப்பிப் போட்டு, வாங்குபவராக வருவோரும் உண்டு. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, அலமாரியைக் குடைந்த பெரியவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். எண்ணைக் கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு ரிசர்வ் வங்கிச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம், இவ்வகை வியாபாரத்தில் தான் ஈடுபடுவதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிக்கை விட்டது. வாங்குகிறேன் என்று வந்தவரே விற்பவரிடம் காசு கேட்டால் அது வியாபாரம் இல்லை.

7. ஏமாந்த பிறகு

பணம் போய்விட்டால் முதல் மணி நேரம் முக்கியம். உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. கூடவே உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். அறிவிப்பின் படம், உரையாடல், பணம் அனுப்பிய எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; எதிராளி முதலில் அழிப்பது அவற்றைத்தான். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. பொதுவான ஏமாற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. தளத்தின் வழியே வாங்கிய பொருள் என்றால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருந்தாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வளவு இருந்தும் பலர் புகார் கொடுப்பதில்லை. படித்தவர் ஏமாந்தாரே என்று ஊர் சிரிக்கும் என்ற கூச்சம். நம்மைத் தனியே அழைத்துப் போனவருக்கு அந்தக் கூச்சம்தான் மூலதனம். இன்றைக்கு வாய் திறக்காத ஒவ்வொருவரும் அவருடைய ரேட்டிங்கைக் காப்பாற்றிக் கொடுக்கிறார்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இணையத்தில் எதையாவது ஏலம் கேட்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். நீங்களும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த அறிவிப்பை இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படித்தாலே பாதிப் பொய் காதில் விழுந்துவிடும். ஏமாந்திருந்தால் விற்பனையாளரின் பெயரைத் தளத்திலும், நடந்ததைக் காவல் நிலையத்திலும் எழுதி வையுங்கள். நாளைக்கு அதே ஏலத்துக்கு வரும் முகம் தெரியாத ஒருவருக்கு அதுதான் கூட்டம்.

கேள்விகள் இருக்கும். கைபேசியில் சந்தேகத்துக்குரிய அறிவிப்பு வைத்திருப்பவர்கள் மேடைக்கு முன்னால் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.